ஒட்டாத சிவப்பணுக்கள்

ஒரு பெண்ணின் நல்ல கருப்பையை அறுத்தெடுக்க வைத்தவள் நான். தடுக்க நேரம் இருந்தும் வாய் திறவாமல் நின்றவள்!

எண்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் பரிசோதனைக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் சரசு அங்கே வந்தாள். இருபத்துநான்கு வயது, குழந்தை இல்லை. அவள் கருப்பை வாயிலிருந்து கிள்ளியெடுத்த சதையில் சில செல்கள் கோணலாகத் தெரிந்தன. ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்பதா, கருப்பையை எடுத்துவிடுவதா என்று டாக்டரம்மா தடுமாறினார்.

"அதற்கு ஒரு சோதனை இருக்கிறது டாக்டர்" என்றேன். மதுரையில் பயிற்சி முடித்து வந்த கர்வம்!

நம் செல்களின் மேற்பரப்பில் சர்க்கரையும் கொழுப்பும் பிணைந்த ஒரு பொருள் உண்டு. நமது ரத்த வகையைத் தீர்மானிப்பதும் அதுதான். செல் புற்றாகத் திரும்பினால் அது மறைந்துபோகும் என்று கற்றிருந்தேன். சதைச் சீவலின்மேல் அவளுடைய ரத்த வகையைப் பிடித்துக்கொள்ளும் சீரத்தையும் அதே வகைச் சிவப்பணுக்களையும் விட வேண்டும். பொருள் இருந்தால் அணுக்கள் ஒட்டும், இல்லையேல் ஒட்டாது.

ஆகவே முதலில் வகை தெரிய வேண்டும். ஊசியைக் கண்டதும் சரசு கையை இழுத்துக்கொண்டாள். அவள் கணவன் முந்திக்கொண்டான்.

"எங்க ரெண்டு பேத்துக்கும் ஏ பாசிட்டிவ்தேன் மேடம்."

எழுதிக்கொண்டேன். சமாதானம் சொல்லிக் குத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சோம்பல்... வேறென்ன!

ஏ வகையை விட்டுப் பார்த்தேன்; ஓர் அணுவும் ஒட்டவில்லை. சீவலின் ஓரத்தில் இருந்த நல்ல சதையிலும் ஒட்டவில்லையே, ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் தாளைப் பார்த்த டாக்டரம்மா அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்.

அறுவை நாளன்று காலை, ரத்தம் ஏற்பாடு செய்வதற்காக அவள் விரலைக் குத்தினேன். பி! மீண்டும் பார்த்தேன். பி... இல்லாத வகையைத் தேடினால் எப்படி ஒட்டும்?

ஓடினேன். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"குரூப் என்னம்மா?"

"பி பாசிட்டிவ் டாக்டர்."

தலையசைத்து உள்ளே போனார். நான் தப்பான வகையை வைத்துச் சோதித்தது அவருக்கு எப்படித் தெரியும்? என் நோட்டில் மட்டுமே இருந்தது. ஒரு வாக்கியம்... ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

எடுத்த கருப்பை என் மேசைக்கே வந்தது. இம்முறை பி வகையை விட்டேன். கோணலாய்த் தெரிந்த செல்களிலும் அணுக்கள் அப்பிக்கொண்டன! அந்தக் கண்ணாடித் தகட்டை உடைத்துப் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, சரசு ஒரு சின்னப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு ரெண்டாவதாக் கட்டுனவ. நாள் தள்ளிப் போச்சு. என் உசுரக் காப்பாத்துன கை, நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மூன்று முறை பார்த்தேன். கர்ப்பம்தான். சொன்னதும் சரசு அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு மட்டும் அந்தச் சீக்கு வராம இருந்திருந்தா... இல்லக்கா?"

"ஆமா சரசு" என்றேன்.