மிளகாய் நெடியும் கலைச்செல்வி அக்காவும்

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கான எங்கள் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: கலைச்செல்வி அக்கா இறந்துவிட்டார். மாரடைப்பு. முப்பத்தெட்டு வயது! யாரோ விளையாடுகிறார்கள் என்று குழுவிலேயே திட்டினேன். முந்தைய நாள் மாலைதானே, "திங்கக்கெயம பத்து மணிக்கு உங்க பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்துட்றேன். நான் வர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார்? அவர் எண்ணுக்கு அழைத்தேன். அவருடைய கணவர் எடுத்தார். அந்த அழுகையைக் கேட்டதும் வைத்துவிட்டேன்.

அவருடைய வீடியோக்களைப் பார்த்த உங்களுக்குத் தெரியும். வாலாஜாபாத் வீட்டில் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, குடியிருக்கும் வீட்டில் எந்தத் தொழில் செய்யலாம், எதற்கு உரிமம் வேண்டும், கரண்ட் மீட்டரை எப்போது மாற்ற வேண்டும் என்றெல்லாம் சொல்வார். எனக்கு அத்தனையும் மனப்பாடம். அந்தத் தைரியத்தில்தான் உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் வீட்டில் மசாலா அரைக்கும் மெஷின் போட்டேன்.

பக்கத்து வீட்டு தேவகி அக்கா புகார் கொடுத்தார். திங்கட்கிழமை நேரில் வந்து சரியான பதில் தராவிட்டால் மெஷினை நிறுத்த வேண்டும் என்று பஞ்சாயத்து நோட்டீஸ் வந்தது. எங்கள் வீட்டுச் சோறே அந்த மெஷினில்தான். நான் கலைச்செல்வி அக்காவுக்குக் கொதித்துக் கொதித்து எழுதினேன். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்! செல்ஃபி எடுக்க ஓடினேன்.

"போட்டோலாம் அப்பால. உங்கம்மாவ மெஷின் போடச் சொல்லிட்டு நீ என்கூட வா."

தேவகி அக்கா வீட்டு அடுப்படியில் என்னை உட்கார வைத்தார். இரண்டே நிமிடம். மிளகாய் நெடியில் இருமி இருமிக் கண் எரிந்தது. இளைப்பு இருக்கும் அந்த வீட்டுச் சின்னப் பெண், பழகிப்போனவள்போல மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, ரூலெல்லாம் நாக்கு நுனில வச்சிகினு கீற. இந்த வூட்டுக்கு ஒரு தபா வந்து பாத்தியா?"

"நல்லா கேளும்மா," என்றார் தேவகி அக்கா. "ஸ்டேட்டஸ்ல என்னைத் திட்ட மட்டும் தெரிஞ்சிது."

மிளகாயை இனி ரோட்டோர மில்லில் அரைப்பது, வீட்டில் மல்லியும் மஞ்சளும் மட்டும், அதுவும் பகலில் என்று மூவரும் பேசி முடித்தோம். கலைச்செல்வி அக்காவே பதிலை எழுதித் தந்தார்.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். "கூட ஒருத்தர் வராங்கன்னியேம்மா, எங்க?" என்றார் செயலர். கலைச்செல்வி அக்கா எழுதித் தந்த பதிலை மட்டும் நீட்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க வந்துகீறேன். புகார் குடுத்தவளும் நான்தான். மெஷின் ஓடட்டும். மொளகா அரைச்சா மறுபடியும் வருவேன்."

தேவகி அக்கா! செயலர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இருவரும் ஒன்றாகவே வீடு திரும்பினோம். கலைச்செல்வி அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, பக்கத்து வீட்டில் இருக்கும் இந்த ஓர் ஆள்.