ஓம்துர்மான் நெகட்டிவ்கள்

போரைப் பற்றித் தங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு எங்கள் ஊர்ப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர் கடை வைத்திருக்கும் பிரெஞ்சுத் தெருவான ரூ பெர்தொனேயில் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. நான் சமைக்கும் சாப்பாட்டுக்கடையின் குசினியில் ஒரு சூடான்காரன் வெங்காயம் வெட்டுகிறான், கோப்பை கழுவுகிறான். அவனுடைய தகப்பன் ஓம்துர்மானில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஊரின் கல்யாணங்கள், கால்பந்துக் குழுக்கள், ஆற்றங்கரைப் படகுகள், பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளைகள் எல்லாம் நெகட்டிவ்களாக ஓர் இரும்புப் பெட்டியில் கிடந்தன. தகப்பன் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கே போர் மூண்ட பிறகும், அவன் அக்காதான் அந்தப் பெட்டியோடு வீட்டில் இருந்தாள்.

அன்று காலை அவன் கத்தியை வைத்துவிட்டு என் அடுப்படிக்கு வந்தான். எங்களுக்குள் பேச்சு அரைகுறைப் பிரெஞ்சில்தான்.

“நாளைக்கு அக்கா லொறியில் வெளியேறுகிறாள். ஒரு கைப்பைக்கு மேல் ஏற்றமாட்டார்கள். பெட்டியை என்ன செய்வது?”

கார்ட்டூம் அருங்காட்சியகம் சூறையாடப்பட்ட படங்களை அவன்தான் எனக்குக் காட்டினான். அன்றைக்கு ஆத்திரப்பட்டானே தவிர இப்படி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கவில்லை. “அங்கே இருந்தது ராஜாக்களின் சூடான். எங்கள் சூடான் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது” என்றான்.

முதலாளி அண்ணைக்கு விஷயத்தைச் சொன்னேன். மனிசன் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“இதுக்கேன் கவலைப்படுறான்? பிஸ்கட் பேணியளிலை போட்டு, பொலித்தீனாலை சுத்தி, மெழுகு ஊத்தி, கிடங்கு வெட்டிப் புதைக்கச் சொல்லு. மேலை ஒரு வாழைக்குட்டி நட்டா ஒருத்தனும் கண்டுபிடியான். நாங்கள் புதைக்காத சாமானே?”

“ஓம் அண்ணை, எங்கட வீட்டிலையும் அப்பிடித்தான்” என்றேன். நான் பிரெஞ்சில் சொல்ல, அவன் அரபியில் குரல்பதிவாக அனுப்பினான். அக்காவிடமிருந்து “சரி” என்று பதில் வந்தது. எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை.

மத்தியானம், கடை நிரம்பி வழியும் நேரத்தில், அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஊர்க்காரன் ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான். அக்காவின் தெருவுக்குப் பக்கத்தில் ஆயுதக்காரர் வீடு வீடாக நுழைகிறார்கள். தங்கத்தைத் தேடி, உலோகத்தைக் கண்டால் கத்தும் கருவியால் முற்றங்களைத் தடவித் தோண்டுகிறார்கள்.

பேணி தகரம்.

அவன் அழைத்தான், இணைப்பு இல்லை. திரும்பத் திரும்ப அழைத்தான். வெளியிலிருந்து “மூண்டு கொத்துறொட்டி!” என்று சத்தம் வந்தது. என் றொட்டி கருகியது. எட்டிப்பார்த்த முதலாளியிடம், “வாழைக்குட்டியாம்! மெசின் பேணியைக் கண்டுபிடிக்கும் அண்ணை, பேசாமப் போங்கோ!” என்று எரிந்து விழுந்தேன். அவர் போகவில்லை. அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னேரம் அக்காவே தொலைபேசி எடுத்தாள். அவன் கேட்டான், கேட்டான், பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு எங்களுக்குச் சொன்னான். கருவி வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு எப்போதோ தெரியுமாம். நாங்கள் சொன்னபடியே ஒரு பேணியைப் புதைத்திருக்கிறாள். அதற்குள் வைத்தது தன் கல்யாணத் தங்கக் காப்புகளை. தோண்டுகிறவனுக்கு ஏதாவது கிடைக்கவேண்டும், கிடைக்காவிட்டால் வீட்டைக் கொளுத்துவான் என்றாளாம். நெகட்டிவ்களை ஒரு கிழிந்த மெத்தையின் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டாள்.

“காப்பையே குடுத்தவள்?” என்றார் முதலாளி.

அக்கா எல்லை தாண்டிச் சில வாரங்களுக்குப் பிறகு அயல்வீட்டுக்காரர் தகவல் அனுப்பினார். முற்றத்தில் தோண்டிய பெரிய கிடங்கு, பேணியைக் காணோம். வீடு நிற்கிறது. மெத்தையை யாரும் தொடவில்லை. அவன் குசினியில் நின்று வாய்விட்டு அழுதான். எனக்கும் சந்தோஷம்தான்.

எங்கள் ஊர்ச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது நாங்களும் காப்பைத்தான் புதைத்தோம். படங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டு ஓடினோம். திரும்பிப் போனபோது சுவர் இல்லை, காப்பு பத்திரமாக இருந்தது. அம்மாவின் அந்தக் காப்பு இப்போது செவ்ரானில், எங்கள் வீட்டில், என் மகளின் கையில் கிடக்கிறது. என் அப்பா, அவளுடைய அப்பப்பா, எப்படி இருப்பார் என்று ஒருநாள் அவள் பிரெஞ்சில் கேட்டாள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை.