பின்பக்கம் வெட்டிய பெட்டி

நேற்றுச் சின்னவன் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, அக்காட ஸ்பீக்கர் பெட்டிட பின்பக்கத்த யாரு கடிச்சது?" நான் சிரித்தேன். நடுவிலாள் சிரிக்கவில்லை; அவளும் பதிலுக்காகத்தான் நின்றாள். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதிக் கதையில் யாராவது பழுது பார்க்கச் சொல்லி ஓட்டைப் படகோடு வந்துவிடுவார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை கண்டால் உங்கள் அக்காவிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் மாதா கோயில் திருநாளன்று, பூசை முடிந்து பொழுது சாயும் நேரத்தில், கடற்கரையில் பாட்டு நடப்பது உங்களுக்குத் தெரியும். அது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலம். அந்தக் காற்றை நம்பித்தான் வெளிநாட்டுக்காரர் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க ஆலங்குடாவுக்கு வருகிறார்கள். நமக்கோ அது வலையையும் இழுக்கும், பாட்டையும் இழுக்கும். அக்கா முதன்முதல் கிட்டார் வாசித்த வருடம், சத்தத்தைக் கூட்ட அவளிடம் இருந்த அம்ப் சிறியது. அதற்குள் இருந்த ஸ்பீக்கர் தேநீர்க் கோப்பைத் தட்டளவுதான். அவள் விரல் ஓடுவதை எல்லோரும் பார்த்தோம். ஒருவருக்கும் கேட்கவில்லை. பின்னால் நின்று பாடியவர்களுக்கே கேட்கவில்லை. அவர்கள் ஒரு தாளத்தில் போனார்கள், இவள் ஒரு தாளத்தில் போனாள்.

முடிந்ததும் மேளம் அடிக்கிற பெடியன் சொன்னான். "நீ வாசிச்சாலும் ஒண்டுதான், சும்மா நிண்டாலும் ஒண்டுதான்."

வீட்டுக்கு வந்து கிட்டாரைப் பையில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். "அடுத்த திருநாளும் இப்பிடித்தான் எண்டா நான் இனி வாசிக்க மாட்டன் அப்பா," என்றாள். அழுதுகொண்டோ கோபமாகவோ சொல்லியிருந்தால் ஆறிவிடும் என்று விட்டிருப்பேன். கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அடுத்த திருநாள் நெருங்கும்போது அம்பைத் தூக்கிக்கொண்டு நானும் அவளும் பஸ் ஏறிப் புத்தளம் போனோம். யப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய சாமான்களை விற்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார்; நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். அம்பின் பின்பக்கத்தைக் கழற்றி எட்டிப் பார்த்தார்.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல தம்பி. சிங்கத்துக்கு எலிட வாய வெச்சிருக்கான்."

வெளியே இன்னொரு ஸ்பீக்கர் கொழுவுவதற்குப் பின்னால் ஒரு துளையும், அதன் கீழ், கொழுவும் ஸ்பீக்கருக்கு இருக்கவேண்டிய தடை எட்டு ஓம்ஸ் என்ற எழுத்தும் இருந்ததை அன்றுதான் கண்டோம்.

நான் போய்க் கடையிலேயே பாரமான ஸ்பீக்கரைத் தூக்கி வந்தேன். வேனுக்குப் போடுவது. அதன் காந்தம் பேக்கரியில் வாங்கும் அரை இறாத்தல் பாண் அளவு. நங்கூரமோ என்ஜினோ, என் தொழிலில் பாரமானதைத்தான் நம்புவோம். நானா அதைக் கொழுவி, "மகள், வாசிங்க," என்றார். அக்கா வாசித்தாள். தலையோடு போர்வையை மூடிக்கொண்டு ஒருவர் பாடினால் எப்படியோ அப்படி இருந்தது.

"அது செஞ்சி முடிச்ச பாட்டக் கேக்குறத்துக்கு. கிட்டாருக்கு வேற," என்று சொல்லி, சாமான் அடுக்கும் ராக்கையின் அடியிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களை இழுத்தெடுத்தார். சாப்பாட்டுத் தட்டை விடப் பெரியவை. மினுக்கம் இல்லை. ஒன்றில் சிலந்தி வலை. கொழுவினார்.

பிள்ளைகளே, நரம்பில் நகம் உரசுவதுகூடக் கேட்டது. வெளியே தெருவில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து அந்த ஸ்பீக்கருக்குள் பார்த்தேன். கறுப்புக் கடதாசி. ஓரத்தில் பாவாடை மடிப்புப்போலச் சின்னச் சின்ன மடிப்பு. வேறொன்றும் இல்லை.

"இவ்வளவு சத்தமும் இந்தக் கடதாசியிலயா நானா?"

"ஓம், கடதாசிதான். நம்மட தொண்டைக்குள்ள என்ன, இரும்பா இருக்கு?"

காந்தத்தின் முதுகில் பதினாறு ஓம்ஸ் என்றிருந்தது. அம்ப் கேட்பது எட்டு. பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு, இது பொருந்தாதே என்றேன். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கொழுவினால்தான் முப்பத்திரண்டு, பக்கம் பக்கமாகக் கொழுவினால் எட்டு என்றார். நம்பாமல் பார்த்தேன்.

"உப்பளத்து வாய்க்கால்ல ஒரு மடை திறந்தா தண்ணி எப்பிடிப் போகும்?"

"நெருக்கிப் போகும்."

"பக்கத்துல இன்னொரு மடையையும் திறந்தா?"

"லேசாப் போகும்."

"அப்ப தடை பாதியாப் போச்சு. அவ்வளவுதான் தம்பி."

ஒன்றும் ஒன்றும் சேர்ந்து அரையாகிற ஒரு கணக்கு உலகத்தில் இருக்கிறது! வரும் வழியில் பஸ் யன்னலால் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தனை வருடமாகப் பார்த்த அதே வாய்க்கால்தான். இரண்டு ஸ்பீக்கர்களையும் வாங்கி, பெட்டியை நானே செய்வதாகச் சொல்லிக் கடையை விட்டு இறங்கும்போது நானா சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் நான் பெரிதாக எடுக்கவில்லை. "பின் பலகைய ஸ்க்ரூ போட்டு மூடுங்க, ஒட்டிராதீங்க."

பெட்டியை நம் வளவில், பழுது பார்க்கப் போட்டிருந்த படகுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் செய்தேன். தடித்த பிளைவுட். மூலைகளுக்கு, படகுக்குப் போடுகிற கண்ணாடி நாரும் ரெசின் பசையும். முன்பக்கத்துக்கு நெத்தலி வலைத் துண்டு. அக்கா கேட்டது அது. இரண்டு ஸ்பீக்கர்களையும் உள்பக்கமிருந்து முடுக்கி, பக்கம் பக்கமாக வயர் கொழுவி, வயரின் முனையை வெளியே விட்டேன். பின் பலகைக்கு வந்தபோது கை நின்றது. ஸ்க்ரூ என்றால் துளை. பைபர் படகு செய்கிறவன் துளையை அடைக்கப் பிறந்தவன். போடப் பிறந்தவன் இல்லை. உப்புக் காற்றில் ஸ்க்ரூ ஒரு கச்சானைத் தாங்குமா? தண்ணீர் போகாத பெட்டியிலிருந்து சத்தமும் ஒழுகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சுற்றிவர நாரை வைத்து, ரெசின் ஊற்றி, ஊசி நுழைய இடமில்லாமல் ஒட்டிவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். "கடல்ல விட்டா இதுவும் மீனுக்குப் போகும்," என்றாள். நான் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

ரெசின் காய்ந்ததும் அக்கா வாசித்தாள். கடையில் கேட்ட அந்தச் சத்தம் இல்லை. மெல்லிய நரம்புகள் தகரம்போலக் கேட்டன. தடித்த நரம்புகள் எங்கேயோ போய்விட்டன. காதை ஒரு ஸ்பீக்கருக்குக் கிட்ட வைத்தால் நல்ல சத்தம். மற்றதற்குக் கிட்ட வைத்தாலும் நல்ல சத்தம். இரண்டுக்கும் நடுவில் நேரே நின்றால் ஆளில்லாத வீடு.

"பரவாயில்லப்பா," என்றாள். அன்று பின்னேரம் அவள் கட்டிலுக்குக் கீழே கிட்டார்ப் பையைத் தள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. திருநாளுக்குக் கோயிலில் கொடி ஏறியாகிவிட்டது.

நானாவுக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "வீட்ட டோர்ச் பெட்டரி இருக்கா?" என்றார். "ஸ்பீக்கர் வயர்ட முனையில தொட்டுப் பாருங்க. கண்ணால பாருங்க, காதால இல்ல."

அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வலையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, விரல் நுனியால் ஒவ்வொரு கடதாசியையும் மெதுவாகத் தொட்டுக்கொண்டாள். நான் வயர் முனையில் பெட்டரியைத் தொட்டேன். டக்.

"அப்பா, இடது பக்கம் வெளிய தள்ளுது."

"வலது?"

"இன்னொருக்காத் தொடுங்க." டக். அவள் முகம் மாறியது. "வலது உள்ள போகுது!"

நானும் கை வைத்துப் பார்த்தேன். டக் என்றால் ஒன்று மூச்சு விடுகிறது, மற்றது மூச்சு எடுக்கிறது. ஒரு வயரை நான் தலைமாற்றிக் கொழுவியிருக்கிறேன். இரண்டும் முழுப் பலத்தோடு வேலை செய்கின்றன. ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது விழுங்குகிறது. ஆளுக்கு ஆள் சளைக்காமல் உழைத்து, நடுவில் ஒன்றுமே மிஞ்சவில்லை! சத்தம் என்றால் காற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது. ஆனால் அதை விரலில் உணர்ந்தது அன்றுதான். வயருக்குள் இருந்த ஒரு சின்னப் பிழை, கடதாசியைத் தொட்ட என் விரலில் முட்டியது. நானும் அக்காவும் அந்தப் பெட்டரியை எத்தனை தரம் தொட்டோமோ தெரியாது. போன் காதில் இருப்பதையே மறந்துவிட்டேன்.

"தம்பி, இருக்கீங்களா? லேசான வேலை. பின் பலகையக் கழட்டி ஒரு வயர மாத்துங்க."

நான் ரெசின் ஊற்றிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

"ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டிட்டன் நானா."

அவர் சிரித்த சிரிப்பு அம்மாவுக்கும் கேட்டது. "படகு மாதிரி ஒட்டினா படகு மாதிரித்தான் வெட்டணும்," என்று அம்மாவே சொல்லி, சில்லு சுழன்று வெட்டும் மெஷினை எடுத்து வந்து தந்தாள். வெட்டினேன். நல்ல ரெசின், விடமாட்டேன் என்றது. அதனால்தான் சின்னவனே, அந்த ஓரம் சுறா கடித்த மாதிரி இருக்கிறது.

வயரை மாற்றினேன். பலகையைத் திரும்ப மூட அளவெடுக்கும் முன்னே அக்கா கிட்டாரைக் கொழுவி நரம்பை ஒரு தரம் இழுத்தாள்.

முருங்கையில் இருந்த காகங்கள் எழும்பின. தடித்த நரம்பின் சத்தம் என் நெஞ்சுக்கூட்டில் வந்து நின்றது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா, பெட்டிக்குப் பின்பக்கம் சுவருக்கு அப்பால் இருந்தவள், "இஞ்சயும் கேக்குது!" என்று கத்தினாள்.

நான் வெட்டிய பலகையைத் தூக்கி ஓட்டையில் பொத்திப் பிடித்தேன். சத்தம் இறுகி, முன்னே நேராகப் போனது. எடுத்தேன், அகன்று வளவு முழுக்கப் பரவியது. பொத்தினேன், எடுத்தேன். ஒரே கிட்டார், ஒரே கடதாசி. ஒரு பலகை இருப்பதும் இல்லாததும் இப்படி மாற்றுமா?

"பொத்தினா தூரம் போகும் போல," என்றேன். "காத்துக்கு அதுதான் நல்லது."

அக்கா யோசித்தாள். "வேணாம்ப்பா. போன தரம் சனத்துக்குக் கேக்காதது ரெண்டாவது பிரச்சின. பின்னால பாடுறவங்களுக்குக் கேக்கேல்ல, அதுதான் முதல். திறந்தே இருக்கட்டும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் ஒரு வருடமாகக் காற்றோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஓரத்தை மணல் கடதாசியால் தேய்த்துவிட்டு, பலகையை விறகோடு போட்டேன்.

திருநாளன்று கச்சான் குறைவில்லாமல் அடித்தது. மாதாவின் கொடி கம்பத்தில் படபடத்தது. பெட்டியை மணலில் ஒரு மீன்பெட்டியின் மேல் வைத்தோம். அக்கா முதல் தரம் இழுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வலைக்குப் பின்னால் கறுப்புக் கடதாசி துடித்தது. அவ்வளவு பெரிய காற்றுக்குள் அது தன் சின்னக் காற்றைத் தள்ளியது. கரையேற்றிய படகுகளுக்கு அந்தப் பக்கம் சீட்டு விளையாடியவர்கள் தலையைத் தூக்கினார்கள். பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் அவளுடைய தாளத்துக்கு வந்து ஏறினார்கள், அலைக்குப் படகு ஏறுகிறதுபோல.

இரண்டாம் பாட்டு முடிய அதே மேளக்காரப் பெடியன் குனிந்து அவளிடம் வந்தான்.

"சத்தத்தக் கொஞ்சம் குறையன். எங்கட பாட்டு கேக்குதில்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அம்பின் திருகியில் விரலை வைத்து, மிக மெதுவாக, ஒரு துளி குறைத்தாள்.