நீலக்கரைப் பீங்கானும் பச்சைக்கரைப் பீங்கானும்

1. பிரக்திக்

நகைக்கடைக்கு ஷோகேஸ் அடித்தவனுக்கு யூதர்களின் வரலாற்றுக் கண்காட்சியில் என்ன வேலை? இந்தக் கேள்வியை என்னிடம் பலபேர் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் நானே என்னைக் கேட்டேன்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் பாதிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டி என் கையால் செய்ததுதான். எண்பத்தைந்தில் டென்மார்க் வந்து, கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொய் என்ற ஊரில் ஒரு மாடிவீட்டில் குடியேறி, மொழி வகுப்பும் அரைகுறையாக முடிந்தபோது, கொமியூன் என்கிற நகரசபை அலுவலகத்தார் என்னை 'பிரக்திக்' என்று ஒரு வேலைப் பழக்கத்துக்கு அனுப்பினார்கள். கொஞ்சக் காலம் வேலை செய்து காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள். மீன் வெட்டுகிற தொழிற்சாலைக்குத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அனுப்பியது கோபன்ஹேகனில் ஒரு பழைய பண்டகசாலைக்கு. அங்கே ஊர் ஊராகக் கொண்டுபோகிற கண்காட்சிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

கண்காட்சியைப் பொறுப்பாகச் செய்தவ பிர்கித். நாற்பது வயதிருக்கும். வரலாறு படித்தவ, கெட்டிக்காரி, நடக்கும்போதும் ஓடுவா. மரியதாஸ் என்ற என் பெயரை முதல் நாளே 'மரி' என்று வெட்டிவிட்டா. அங்கே மரி என்பது பொம்பிளைப் பெயர். ஆணி அடிக்கிற கைக்குப் பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

இங்கே அவர்கள் பேசியதை எல்லாம் எங்கள் பாஷையில்தான் எழுதுகிறேன். உண்மையில் பாதி டேனிஷ், பாதி எனக்காக இறங்கிவந்த ஆங்கிலம்.

2. மேசை

கண்காட்சி மூன்று பகுதி. ஒன்று, டென்மார்க் யூதர்களின் பழைய வாழ்க்கை: பள்ளி, தொழில், பண்டிகை, சமையல். இரண்டாவது, நாற்பத்து மூன்றாம் ஆண்டு. நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மன்காரர் யூதர்களை அள்ளிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று செய்தி கசிய, பெரும்பாலானவர்கள் மீன்பிடி வள்ளங்களில் கடல் கடந்து சுவீடனுக்குத் தப்பினார்கள். பிடிபட்டவர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாவது ஒரு சுவர். ஐரோப்பா முழுக்கக் கொல்லப்பட்டவர்களின் படங்கள். அந்தச் சுவருக்குச் சட்டம் அடித்து, ஒவ்வொரு படமாக மட்டம் பார்த்து மாட்டியது நான். ஒரு குழந்தையின் படத்தை நேராக்கிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் குளிரில் நின்றேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இரண்டாம் பகுதியின் நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை. தப்பிப்போன ஒரு குடும்பத்தின் உண்மையான பீங்கான்கள், சாப்பாட்டுத் தட்டுகள், வந்திருந்தன. கொடுத்தவ ரூத். அப்போது ஐம்பதை எட்டியிருப்பா; வள்ளத்தில் போகும்போது சின்னப் பிள்ளை. சில பீங்கான்களுக்கு நீலக்கரை, சிலவற்றுக்குப் பச்சைக்கரை. நான் என் நகைக்கடை மூளையைப் பாவித்தேன். பெரிய பச்சைக்கரைப் பீங்கானைக் கீழே வைத்து, அதன்மேல் சின்ன நீலக்கரையை வைத்து, மேலே ஸ்பொட் லைட்டைத் திருப்பிவிட்டேன். பார்க்க நல்ல எடுப்பாக இருந்தது.

அடுத்த நாள் ரூத் பார்க்க வந்தா. மேசையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்திலிருந்த மரப்பெட்டியின்மேல் குந்திவிட்டா. சிரிக்கிறாவா அழுகிறாவா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஒல்காவும் இப்பிடித்தான் அடுக்கி வைச்சவ," என்றா.

பிறகு கதையைச் சொன்னா. யூத முறைப்படி நடக்கிற வீட்டில் பால் சேர்ந்த சாப்பாட்டுக்கு ஒரு பீங்கான், இறைச்சிக்கு வேறு பீங்கான். ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. நீலம் பாலுக்கு, பச்சை இறைச்சிக்கு. எனக்கு அதை விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. நான் கத்தோலிக்கன்தான், என்றாலும் எங்கள் ஒழுங்கையில் இருந்த சைவ வீடுகள் எல்லாவற்றிலும் மீன், இறைச்சி காய்ச்சுகிற மச்சச்சட்டி வேறு, மரக்கறிச்சட்டி வேறு.

ஒல்கா கீழ்மாடியில் இருந்த டேனிஷ்காரி, விதவை. ரூத் வீட்டார் இரவோடிரவாகப் போனபின், வெறும் வீடாகக் கிடந்தால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து, தன் கட்டிலை மேலே கொண்டுபோய்ப் போட்டு அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறா. அவர்கள் திரும்பி வருமட்டும் அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டு, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கண்ணுக்குள் வைத்துக் காத்திருக்கிறா. வீட்டைக் கேட்டு வந்தவர்களுக்குத் தன் வீடு என்று பொய்யும் சொல்லியிருக்கிறா.

"நாங்கள் திரும்பி வந்த அண்டைக்கு மேசை போட்டு வைச்சிருந்தா," என்றா ரூத். "நாங்கள் பண்டியிறைச்சி சாப்பிடமாட்டம் எண்டு அவவுக்குத் தெரியும். எங்கையோ அலைஞ்சு மாட்டிறைச்சி வாங்கி, நல்லா இருக்கவேணுமெண்டு கிறீம் விட்டுக் காய்ச்சி வைச்சிருந்தா. பச்சையிலயும் நீலத்திலயும் மாறி மாறிப் போட்டு. அந்தப் பீங்கான் எல்லாம் இனி எங்களுக்கு உதவாது. அம்மா அவவைக் கட்டிப்பிடிச்சு அழுதா. ஒரு சொல் சொல்லேல்லை."

"பிறகு எறிஞ்சிட்டாவோ?" என்று கேட்டேன்.

"எறியேல்லை. வேற பீங்கான் வாங்கினம். இதுகளை மேல்தட்டில வைச்சு, ஒல்கா வாற நேரம் மட்டும் அம்மா இறக்குவா. தனக்கெண்டு விசேஷமா இறக்குற பீங்கான் எண்டு ஒல்காவுக்குப் பெரிய சந்தோசம். அம்மா சாகுமட்டும் அப்பிடித்தான் நடந்தது."

3. பெனலில் எழுதுவதா?

பிர்கித் எனக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருந்தா. அவவின் கண் இரண்டும் பளிச்சென்று எரிந்தது.

"ரூத், இதைவிட நல்ல கதை இந்தக் கண்காட்சியிலயே இல்லை. பெரிய பெனல் பலகை ஒண்டில எழுதி மேசைக்கு மேல போடுறன்."

ரூத் எழும்பிவிட்டா. "போடேலாது. ஒல்கா இன்னும் உயிரோட இருக்கிறா. திறப்பு விழாவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு வாறன். இவ்வளவு காலமும் அம்மா அவவிட்டச் சொல்லாததை, மைக் பிடிச்சு ஊருக்கே சொல்லப்போறீங்களோ?"

"அந்தச் சுவரைப் பாருங்கோ," என்றா பிர்கித். "அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். ஒரு இடத்தில நான் ஒரு சொல்லை மறைச்சால், மற்ற இடத்தில என்னை ஆர் நம்புவினம்? நினைவுக் கண்காட்சியில வெட்டித் தைக்கிற வேலை கூடாது."

ரூத் என்னைப் பார்த்தா. நான் பிர்கித்தின் பக்கம்தான் பேசினேன். எங்கள் ஊரில் எரிந்ததை எரியவில்லை என்று சொன்ன வானொலியைக் கேட்டுவிட்டு வந்தவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. அதைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

"அப்ப சரி," என்றா ரூத். "நாளைக்குப் பெட்டி கொண்டுவாறன். பீங்கானை வீட்டுக்குக் கொண்டுபோறன்."

அவ போனபின் பிர்கித் வெறும் மேசையை எப்படி நிரப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தா. இரண்டு நாளில் திறப்பு விழா. எனக்குப் பசியெடுத்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

4. மாதாவுக்குப் பொட்டு

வீட்டுக்கு வந்து என் மனிசி யெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ மீன் பொரித்துக்கொண்டே கேட்டா.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உண்மையை எழுதவேணும் எண்டு சொன்னன். பிழையே?"

அவ அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினா. "இஞ்சேருங்கோ, எங்கட வீட்டைப் பூட்டித் திறப்பை ஆரிட்டக் குடுத்திட்டு வந்தனாங்கள்?"

"பக்கத்து வீட்டுப் பாக்கியமக்காவிட்ட."

"தங்கச்சி போய்ப் பாத்திட்டுக் கடிதத்தில எழுதினவள். பாக்கியமக்கா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்கட மாதா சுருவத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்துறாவாம். நெற்றியில சந்தனப் பொட்டும் வைச்சு விட்டிருக்கிறாவாம். ஷெல்லடிக்கேக்க தன்ர வீட்டுச் சாமியோட எங்கட மாதாவையும் தூக்கிக்கொண்டு ஓடினவவாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதா சிலைக்குச் சந்தனப் பொட்டு! எங்கள் பங்குச் சுவாமி கண்டால் மயங்கி விழுவார்.

"சிரியுங்கோ," என்றா யெசிந்தா. "நாளைக்கு நான் திரும்பிப் போனால் அந்தப் பொட்டை அவவுக்கு முன்னால துடைக்கேலுமே? இல்லை, இப்பிடியெல்லாம் செய்யக் கூடாதக்கா எண்டு போர்ட் எழுதி வாசல் படலையில தூக்குவனே?"

"அப்ப பொய் எழுதச் சொல்லுறீரோ?"

"ஆர் பொய் எழுதச் சொன்னது? அந்த அம்மா வீட்டைக் காத்தது பொய்யே? அதை எழுதுங்கோவன்."

அவ மீனைப் புரட்டப் போய்விட்டா. நான் இரண்டு பீங்கானை எடுத்து மேசையில் வைத்தேன்.

5. லேபல்

காலையில் முதல் ரயில் பிடித்துப் போனேன். பிர்கித் எனக்கு முன்னமே வந்திருந்தா. மாதாவின் பொட்டுக் கதையைச் சொன்னேன். சுருவம் என்றால் என்ன, பொட்டு என்றால் என்ன என்று விளக்கவே கோப்பி ஆறிவிட்டது. அவ முதலில் சிரித்தா. பிறகு படங்கள் மாட்டிய சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தா.

"நான் ஒண்டையும் ஒளிக்க மாட்டன், மரி," என்றா கடைசியில். "பால் பீங்கான், இறைச்சிப் பீங்கான் எண்ட விசயம் சமையல் பகுதியில ஏற்கெனவே எழுதியாச்சு. அதை எடுக்க மாட்டன்."

"எடுக்க வேண்டாம். அது பொது விசயம். எல்லாரும் அறியட்டும். இந்த மேசையில ஒல்கா செய்ததை மட்டும் எழுதுங்கோ. அவவுக்குத் தெரியாமல் நடந்தது ரூத் வீட்டாரின்ர விசயம். எங்கட இல்லை."

பிர்கித் ஒரு மணித்தியாலம் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருந்தா. அடித்த தாளெல்லாம் கசங்கிக் கூடைக்குள் போயின. கடைசியில் வந்தது இரண்டே வரி: 'ஒரு குடும்பத்தின் பீங்கான்கள். அவர்கள் திரும்பி வருமட்டும் அயல்வீட்டுப் பெண் ஒருவர் காத்துவைத்தவை.'

ரூத் பெட்டியோடு வந்தா. லேபலை நின்றபடியே வாசித்தா. திரும்பவும் வாசித்தா. பிறகு பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, நீலத்தை நீலத்தோடும் பச்சையைப் பச்சையோடும் தன் கையாலேயே பிரித்து வைத்தா. நான் லைட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

6. திறப்பு விழா

ஒல்கா எண்பது வயதுக் கிழவி. கையில் தடி, தலையில் தொப்பி, கோட்டில் ஒரு பூ. ரூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தா. நான் வேலைச் சட்டையோடு ஒரு ஓரமாக நின்றேன். எந்தத் திறப்பு விழாவிலும் ஒரு பல்பாவது அணையும்.

நேரே மேசைக்கு வருவா என்று நினைத்தேன். வரவில்லை. முதற்பகுதியிலிருந்து ஒவ்வொரு பெனலாக வாசித்துக்கொண்டு வந்தா. சமையல் பகுதியில் நின்றா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையும் வாசித்தா. பால் பீங்கானும் இறைச்சிப் பீங்கானும் கலக்கக் கூடாது என்று எழுதியிருந்தது அங்கேதான். தூரத்தில் நின்ற பிர்கித்தைப் பார்த்தேன். அவவும் அந்தப் பெனலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. ரூத் அசையாமல் ஒல்காவுக்குப் பக்கத்திலேயே நின்றா.

பிறகு ஒல்கா மேசைக்கு வந்தா. பிரித்து வைத்திருந்த பீங்கான்களை மெல்லப் பார்த்தா. நீலம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். லேபலை வாசித்தா. தடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு ரூத்திடம் பேசத் தொடங்கினா. அந்தளவு டேனிஷ் எனக்கும் விளங்கும்.

"நான் வந்தால் உன்ர அம்மா எனக்கு இதில கேக் வெட்டி வைப்பா. தான் தொடமாட்டா. ஒரு அப்பிளைக் கையில எடுத்துக் கடிச்சுக்கொண்டு என்னோட கதைச்சுக்கொண்டிருப்பா. ஒவ்வொரு முறையும் அப்பிள்தான்."

ரூத் ஒரு நீலக்கரைப் பீங்கானின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றா.

"ஏதோ இருக்கெண்டு எனக்குத் தெரியும். என்னெண்டு தெரியாது. கேக்கவும் இல்லை. நான் கேட்டால் அவ பதில் சொல்லவேண்டி வருமெல்லே."

"ஒல்கா, நான் சொல்லுறன்..." என்றா ரூத்.

"வேண்டாம் பிள்ளை. அவவே சொல்லேல்லை." ஒல்கா ரூத்தின் கையைத் தட்டிக்கொடுத்தா. "வேண்டாத பீங்கானை எறிஞ்சிருக்கலாம். எறியாமல் எனக்கெண்டு வைச்சிருந்தவ. அது போதும் எனக்கு."

பிர்கித் தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினா. மாற்றுகிற சாட்டில் நானும் ஓடிப்போய்க் கண்ணைத் துடைக்க, அன்றைக்கு ஒரு பல்பும் அணையவில்லை.

அந்தப் பிரக்திக் நிரந்தர வேலையானது. வடக்கே ஓல்போர்க் நகரம் வரைக்கும் அந்த மேசையைக் கழற்றிக் கட்டிக் கொண்டுபோய்த் திரும்பப் பொருத்தியிருக்கிறேன். இன்றைக்கு இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் மரத்தையும் கண்ணாடியையும் லைட்டையும் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். அதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். லேபலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லி வைக்கிறேன். அதில் வருகிற ஆள் உயிரோடு இருந்தால், அவர் வந்து முன்னால் நின்று அதை வாசிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். பொய் வேண்டாம்; அவர் தானாகப் போய்ச் சேருகிற தூரத்தில் உண்மையை வைத்தால் போதும். அந்தச் சுவரில் இருந்தவர்கள் கதை வேறு. அவர்கள் ஒருவரும் வந்து வாசிக்கப்போவதில்லை. அவர்களுக்கு நடந்ததில் ஒரு சொல்லும் குறைக்காதீர்கள்.