டிரைவர்மாருக்குத் தனிச் சட்டி

மேலகரம் பலவேசத்தின் வேனில் ஒருமுறை ஏறியவர்கள் அடுத்த சீசனுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி துடைத்து வைத்தது போல இருக்கும். பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்காது. ஐந்தருவியில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்கத் தடை என்றால், ஆட்களை அங்கே நிற்க வைத்து நேரத்தைக் கொல்லாமல் பழைய குற்றாலத்துக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். வயதானவர்கள் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள அவரே ஓடி வருவார்.

வேன் வாங்குவதற்கு முன்னால் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். விடிகாலையில் வரும் தக்காளி வேறு, வெயில் ஏறிய பிறகு மூலையில் கிடக்கும் தக்காளி வேறு என்பதை அங்கே பார்த்தவர். அந்த மூலைச் சரக்கை எந்தெந்தக் கடைக்காரர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதையும் பார்த்திருந்தார். அதனால் வெளியே சாப்பிடப் போனால் அவர் சொல்லும் ஐட்டங்கள் கொஞ்சம்தான். கல்லில் இருந்து எடுத்த தோசை, கண்ணெதிரே உடைத்து ஊற்றும் ஆம்லெட், கொதிக்கக் கொதிக்க ரசம். குருமா வேண்டாம், காளான் வேண்டாம், மத்தியானத்துக்கு மேல் தேங்காய்ச் சட்னி வேண்டாம், மழைநாளில் மீன் வேண்டவே வேண்டாம்.

"உங்களுக்கு நாக்கு கிடையாது, மூக்குதான் இருக்கு" என்பாள் அவர் மனைவி மூக்கம்மாள். "கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல ஓட்டல்ல ஒரு மீன் துண்டு வாங்கித் தந்திருப்பீயளா?"

"வீட்டுல பொரிச்சா என்னட்டி, தொண்டையில இறங்காதா?" என்று சிரித்துக்கொள்வார்.

குற்றாலம் போகும் வழியில் பெரிய ஓட்டல் ஒன்று இருந்தது. வண்டி நிறுத்த விசாலமான இடம், வாசலில் கலர் விளக்கு, உள்ளே நூறு பேர் உட்காரலாம். சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவரும் டிரைவர்களுக்குப் பின்பக்கத்தில் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். மின்விசிறி, படுக்க இரண்டு கட்டில், கால் கழுவக் குழாய். சாப்பாடும் தனி. கல்லாவுக்குப் பின்னால் ஆளுயர அண்டாக்களில் வேகிற சோறும் குழம்பும் முன்பக்கத்துக்குப் போகும். டிரைவர்மாருக்குச் சிறிய சட்டியில் அன்றன்றைக்கு வைப்பார்கள். டிரைவர் வயிறு கெட்டால் வண்டி இந்தப் பக்கம் திரும்பாது என்று முதலாளிக்குத் தெரியும். பலவேசத்துக்கும் இது தெரியும். தன் ஆட்கள் கேட்டால் ஒழிய அங்கே நிறுத்த மாட்டார். ஆனால் கேட்டவர்களை அவர் தடுத்ததும் இல்லை. பெரிய கடை, நூறு பேர் சாப்பிடுகிறார்கள், நாம் என்ன சொல்வது என்று இருந்துவிடுவார்.

ஜோதிலட்சுமி சிவகாசியில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். வருஷம் தவறாமல் ஆனி, ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ரயிலில் தென்காசி வந்து இறங்குவார். ஸ்டேஷன் வாசலில் பலவேசம் வேனோடு நிற்பார். ஜோதிலட்சுமி அவரை டிரைவர் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. "எங்க அண்ணாச்சி" என்றுதான் சொல்வார். பலவேசத்தின் மகள் கல்யாணத்துக்குக் கணவர் விஜயசங்கரோடு வந்து, முதல் பந்தியில் உட்காராமல் பரிமாறிவிட்டுப் போனவர்.

அந்த வருஷம் அவர் தன் அம்மா சங்கரம்மாளையும் அழைத்து வந்திருந்தார். கண்ணில் ஆபரேஷன் முடிந்து, பார்வை தெளிந்த பிறகு சங்கரம்மாள் கேட்ட முதல் ஆசை அருவியைப் பார்க்க வேண்டும் என்பதுதான். மெலிந்த உடம்பு. வேனில் முன் சீட்டில் பலவேசத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மலையில் மேகம் இறங்குவதைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார்.

"அந்தா பாருங்க தம்பி, புகையுற மாதிரி இருக்கு."

"சாரல்ம்மா. நேத்து ராத்திரி நல்ல காத்து. மரமெல்லாம் சாஞ்சு கிடக்கு."

வழக்கமாக அவர்கள் சாப்பிடுவது மேலகரத்தில் ஒரு வீட்டு மெஸ்ஸில். அன்று அங்கே பூட்டு. வீட்டுக்காரர்கள் வாசுதேவநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். குளித்துவிட்டு வந்த பசி. மழை வேறு பிடித்துக்கொண்டது. சங்கரம்மாள் குளிரில் நடுங்கினார். "அண்ணாச்சி, எங்கயாவது நிறுத்துங்க, அம்மாவுக்குச் சூடா ஏதாவது குடுக்கணும்" என்றார் ஜோதிலட்சுமி. சாலையோரம் இருந்த கடைகளிலெல்லாம் ஆட்கள் இலைக்குப் பின்னால் நின்று இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பலவேசம் அந்தப் பெரிய ஓட்டலில் வண்டியை நிறுத்தினார்.

அவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். சமையல் மாஸ்டர் கணேசமூர்த்தி அவருக்கு நெடுநாள் பழக்கம். சட்டியில் இருந்து கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டே அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அண்ணாச்சி, முன்னால போயி மீனு கீனு வாங்கித் தின்னுராதிய. நேத்து ராத்திரி பூரா கரண்டு இல்லல்லா. ஜெனரேட்டர லைட்டுக்கு மட்டும்தான் போட்டாவ. ஐஸ் பெட்டியில கிடந்த மீனயே கழுவி மசாலா தடவச் சொல்லிட்டாரு முதலாளி. நான் என்ன செய்ய?"

பலவேசம் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தார். "எல்லாருக்கும் போடுதாவளா?"

"கேக்குதவியளுக்குப் போடுதாவ."

அவர் எழுந்து கையைக் கழுவினார். நேராகப் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தார். அதைப் பின்னாளில் மூக்கம்மாளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கூடத்தின் பாதி தூரம் வந்ததும் மானேஜர் எதிர்ப்பட்டு அவர் தோளில் கை போட்டார்.

"என்ன அண்ணாச்சி, இந்தப் பக்கமே காணோம்? நம்ம பார்ட்டியா அவிய? நல்லா கவனிச்சிருக்கேன், போயிக் கேளுங்க" என்று மேஜை வரைக்கும் கூடவே வந்தார்.

மேஜையில் ஏற்கெனவே தட்டு வந்திருந்தது. சிவப்பாக வறுத்த சீலா மீன் துண்டுகள், மேலே கறிவேப்பிலை. ஜோதிலட்சுமி முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டை அம்மாவின் இலையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீங்களா? அம்மா மீனு கேட்டாங்க, அதான் வாங்கினேன். இங்க மீனு நல்லா இருக்கும்ல?"

மானேஜரின் கை தோளிலேயே இருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கும்" என்றார் பலவேசம்.

சங்கரம்மாள் ஒரு வாய் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். பலவேசம் திரும்பிப் பின்பக்கம் போனார். கொதிக்கிற எண்ணெயில் பொரித்தது, அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இலையில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

சாயங்காலம் அவர்களைத் தென்காசி ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். சங்கரம்மாள் மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தார். அலைச்சல் என்று ஜோதிலட்சுமி சொன்னார். ரயில் கிளம்பும்வரை நின்று கை காட்டிவிட்டு வந்த பலவேசத்துக்கு, ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி வீடு வரைக்கும் கூட வந்தது.

அந்த வாரக் கடைசியில் ஜோதிலட்சுமியிடம் இருந்து போன் வந்தது. குரலே மாறியிருந்தது.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு என்னம்மா?"

"அன்னைக்கு நீங்களும் அந்தக் கடையிலதானே சாப்பிட்டீங்க. எனக்கும் அம்மாவுக்கும் ரயில்லயே வாந்தி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரில படுத்து டிரிப்ஸ் ஏத்தி இன்னைக்குத்தான் நான் வீட்டுக்கு வந்தேன். அம்மாவ இன்னும் விடல. படுக்கையில கிடக்கும்போது உங்க நினைப்புத்தான். நீங்க தனியா வண்டி ஓட்டிட்டுப் போனீங்களே, வழியில ஏதாவது ஆகியிருந்தா யாரு பாப்பான்னு. சும்மா இருக்காதீங்க, ஒரு தடவை டாக்டரப் பாத்துருங்க. இனிமே அந்தக் கடைப்பக்கம் போகாதீங்க அண்ணாச்சி."

"சரிம்மா" என்றார். போன் கட்டான பிறகும் அதைக் காதில் வைத்துக்கொண்டே வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். மூக்கம்மாள் வந்து கதவைத் தட்டினாள்.

"என்ன, இப்படி இருக்கீய? யாரு போன்ல?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்தவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. "எனக்கு வாங்கித் தரமாட்டேன்னு சொன்ன மீனு அது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளில் இருந்து அவர் அந்த ஓட்டலில் வண்டி நிறுத்தவில்லை. யாராவது கேட்டால், "அங்க வேண்டாம்" என்று சொல்லப் பழகினார். சக டிரைவர் சேக் மைதீன் கேட்டபோது அவரிடமும் உள்ளதைச் சொன்னார். சேக் மைதீன், "நானும் எத்தன பேர அங்கன இறக்கி விட்டிருக்கேன் அண்ணாச்சி. யாருக்கு என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? நமக்குத்தான் யாரும் போன் போட்டுச் சொல்லலையே" என்றார். அது ஆறுதலாக இல்லை.

சிவகாசிக்குப் போய்ச் சங்கரம்மாளைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். சீசன் முடியட்டும் என்று தள்ளினார். சீசன் முடிந்ததும் ஐயப்பன் கோயில் சவாரி தொடங்கிவிட்டது. உண்மையில் சவாரி ஒரு சாக்குத்தான். ஜோதிலட்சுமி நடுவில் இரண்டு தடவை பேசினார். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், ஆனால் முன்போல நடமாட முடியவில்லை என்றும், சாப்பாடு பிடிக்கவில்லை என்றும் சொன்னார். ஒவ்வொரு தடவையும், சொல்லிவிடலாம் என்று பலவேசம் தொண்டையைச் செருமுவார். அதற்குள் ஜோதிலட்சுமி, "மகள் மாசமா இருக்குதுன்னீங்களே, நல்லா இருக்காளா?" என்று கேட்டுவிடுவார்.

மார்கழியில் சங்கரம்மாள் இறந்து போனார். வயசுதான் காரணம் என்று டாக்டர் சொன்னதாக விஜயசங்கர் போனில் சொன்னார். இருக்கலாம். பலவேசத்துக்கு அது வேறு மாதிரித்தான் கேட்டது.

அவர் துக்கம் கேட்கப் போனபோது காரியம் எல்லாம் முடிந்து வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. கூடத்தில் சங்கரம்மாளின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. ஜோதிலட்சுமி பக்கத்தில் இருந்தவர்களிடம், "மேலகரத்து அண்ணாச்சி. அம்மா கடைசியா அருவி பாத்தது இவரு வண்டியிலதான்" என்று சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அம்மா அடிக்கடி அந்த மீனப் பத்திச் சொல்லுவாங்க அண்ணாச்சி. அத்தனை பாடுபட்ட பிறகும், ருசியாத்தான் இருந்துச்சும்பாங்க" என்றார்.

அதற்கு மேல் பலவேசத்தால் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். மற்றவர்கள் எழுந்து உள்ளே போகும்வரை காத்திருந்தார். "அன்னைக்கு அந்த மீனு கெட்டதுன்னு எனக்குத் தெரியும். நீங்க சாப்பிடுததுக்கு முன்னாடியே மாஸ்டர் சொல்லிட்டான். நான் அங்க சாப்பிட்டது வேற சட்டி. டிரைவர்மாருக்குத் தனியா வைப்பாவ."

ஜோதிலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகத்தில் கோபம் வரவில்லை. ஏதோ கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர் போலத் தரையைப் பார்த்தார்.

"நான் கேட்டேனே அண்ணாச்சி. நல்லா இருக்குமான்னு உங்ககிட்டதானே கேட்டேன்."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

பயம் என்று சொல்ல முடியாது. மானேஜர் அவரை என்ன செய்துவிடுவார்? அந்த அறையும் கட்டிலும் தனிச் சட்டியும் போய்விடும் என்றா? அப்படி நினைத்ததாகவும் அவருக்கு நினைவில்லை. தோளில் ஒருவர் கை வைத்திருக்கும்போது அவர் கடையைப் பற்றிக் குறை சொல்லக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. அதை ஒரு காரணம் என்று அந்தப் படத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"தெரியலம்மா" என்றார்.

ஜோதிலட்சுமி எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து விஜயசங்கர் காபி கொண்டுவந்து வைத்தார். அவருக்கு விஷயம் தெரிந்ததா தெரியாதா என்று முகத்தில் தெரியவில்லை. பலவேசம் காபியைக் குடித்தார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். உள்ளே இருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆனியில் சாரல் நன்றாக இருந்தது. ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தன. பலவேசத்துக்குச் சவாரி குறைவில்லை. இப்போதெல்லாம் அவர் தன் வண்டியில் வருகிறவர்கள் சாப்பிடும் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுவதையே வாங்கிச் சாப்பிடுகிறார். எதை வாங்க வேண்டாம் என்று கேட்காமலேயே சொல்கிறார். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர், டிரைவருக்கு இந்தக் கடையில் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டு, மீனையே வாங்குகிறார்கள். அப்போது அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. சாயங்காலம் அவர்களை இறக்கிவிடும்வரை கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்.

ஜோதிலட்சுமி கூப்பிடவில்லை. ஆடி பாதி கடந்த பிறகு மூக்கம்மாள், "நீங்களே ஒரு போன் போடுங்களேன். எடுத்தா எடுக்கா, எடுக்காட்டி போறா" என்றாள்.

"அவ எடுத்துட்டான்னா?" என்றார் பலவேசம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தென்காசி ஸ்டேஷன் வாசலுக்கு அவர் வண்டியைக் கொண்டுபோவதில்லை. சிவகாசிப் பக்கத்து ஆட்கள் யாராவது பேசினால், மேலகரத்துக்குத் திரும்புகிற விலக்கு வரை ஆட்டோவில் வந்துவிடச் சொல்கிறார். அங்கே வந்து ஏற்றிக்கொள்கிறார்.