வலப்பக்கத்துப் பதக்கம்

யுத்தகாலத்தில் ஆவடி முகாம் வாசலில் தையல் கடை வைத்திருந்தேன். பர்மாவில் சண்டை போட்டுத் திரும்பிய காலாட்படை கேப்டன் ஒருவர், தமிழர்தான், அணிவகுப்புக்காகத் தன் பட்டாளக் கோட்டையும் வீரப்பதக்கத்தையும் கொடுத்து, பதக்கத்தைக் கோட்டில் தைக்கச் சொன்னார். அவருக்கு ஒரு காது பாதிதான் இருந்தது. எதைச் சொல்வதற்கு முன்பும் அதைத் தடவிக்கொள்வார்.

அணிவகுப்பன்று காலையில் வந்து கோட்டை மாட்டினார். அப்போதுதான் கவனித்தேன். கோட்டை எதிரே விரித்துவைத்துத் தைத்ததில் பக்கம் மாறி, பதக்கம் வலது மார்பில் தொங்கியது. பட்டாளத்தில் சொந்தப் பதக்கத்துக்கு இடப்பக்கம். செத்துப்போன உறவுக்காரனின் பதக்கத்தை அணிகிறவர்களுக்குத்தான் வலப்பக்கம்.

"இன்னா காரியம் பண்ணிட்டேன் தொரே! கயட்டிக் குடுங்க, இப்பவே மாத்தித் தச்சிடறேன்."

அவர் காதைத் தடவினார்.

"வேணாம்பா. ஓடிப்போய் எதிரியோட மெஷின்கன்னைப் பிடிச்சவன் என் தம்பி. என் கம்பெனியிலேயே சிப்பாய். அங்கேயே செத்துட்டான். நான் பள்ளத்துல படுத்துக் கிடந்தேன். ரிப்போர்ட்ல என் பேரை எழுதினாங்க. நான் இல்லைன்னு சொல்லலை."

கத்தரிக்கோல் என் கையிலேயே இருந்தது. அவர் அதே கோட்டோடு மைதானத்துக்கு நடந்தார். அங்கே நின்றிருந்த ஒவ்வொருவருக்கும் வலப்பக்கத்தின் அர்த்தம் தெரியும்.