தனபாக்கியத்தின் மூங்கில் தூண்டில்கள்

தனபாக்கியம் மீன் சாப்பிட்டதில்லை. யாராவது மீன் பிடித்தால் நின்று பார்த்ததும் இல்லை. பாளையங்கோட்டையில் சுத்த சைவக் குடும்பத்தில் பிறந்து, வேதியியல் படித்து, கல்யாணமாகி நியூஜெர்ஸிக்கு வந்து, பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில் பசை தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அட்டைப்பெட்டி ஒட்டுகிற பசை, ஷூவின் அடிப்பாகம் ஒட்டுகிற பசை, பாட்டிலில் லேபிள் ஒட்டுகிற பசை என்று, எது எதோடு எத்தனை காலம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் அவருடைய தொழில். அப்படிப்பட்டவர், பழைய மூங்கில் தூண்டில்களைச் சேர்க்கும் அமெரிக்கர்கள் நடுவே பேர் சொன்னால் தெரிகிற ஆளாக ஆனதற்கு அவருடைய கணவர் சபரிநாதன்தான் காரணம். வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற ‘கராஜ் சேல்’ எங்கே கண்டாலும் காரை நிறுத்தாமல் போக சபரிநாதனால் முடியாது.

1992 வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குப் போகிற வழியில் அப்படித்தான் நிறுத்தினார். யாரோ வீடு காலி செய்துகொண்டிருந்தார்கள். தனபாக்கியம் வழக்கம்போல் காரிலேயே உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் எட்டு வயது மகள் கயல். கொஞ்ச நேரத்தில் சபரிநாதன் ஒரு நீளமான அலுமினியக் குழாயோடு ஓடி வந்தார்.

"பாக்கியம், இங்க பாரு. கர்ட்டன் ராட். நம்ம ஃபேமிலி ரூம் ஜன்னலுக்குக் கரெக்டா இருக்கும்."

குழாயைத் திறந்தால் உள்ளே ஒரு துணிப்பை. பைக்குள் தேன் நிறத்தில் மூன்று துண்டுகள். ஒன்றைவிட ஒன்று மெலிது. கடைசித் துண்டின் நுனி ஊதுபத்திக் குச்சி அளவுக்கு இருந்தது.

"இதுல எந்தக் கர்ட்டனைங்க தொங்கவிடுவீங்க? கைக்குட்டையக்கூட தாங்காது."

திருப்பிக் கொடுக்கப் போனவர், துண்டை விரலால் உருட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அது உருண்டையாக இல்லை. ஆறு பட்டை. மூங்கிலை ஆறு மெல்லிய சிம்புகளாகச் சீவி, ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். ஆனால் ஒட்டு தெரியவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

"ஏங்க, இதை வாங்குங்க" என்றார்.

திங்கட்கிழமை ஆராய்ச்சிக்கூடத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தபோதுதான் ஒட்டு கண்ணுக்கு அகப்பட்டது, தலைமுடியைவிட மெல்லிய கோடாக. எட்டிப் பார்த்த சக ஊழியர்தான் அது கர்ட்டன் ராட் இல்லை, தூண்டில் கோல் என்று சொன்னார். புழுவைக் கோத்துக் குளத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் தூண்டில் இல்லை. இறகையும் நூலையும் கட்டிச் செய்த போலிப் பூச்சியை, ஓடும் ஆற்றின் மேல் நிஜப் பூச்சி வந்து உட்காருவதைப் போல வீசி, ட்ரௌட் மீனை ஏமாற்றுகிற தூண்டில். சாட்டை மாதிரி வளைந்து நிமிர வேண்டும் என்பதால்தான் மூங்கில்.

தனபாக்கியத்துக்கு மீனைப் பற்றி ஒரு அக்கறையும் வரவில்லை. ஓயாமல் வளைந்து நிமிர்கிற ஒரு பொருளில், அதுவும் தண்ணீரில் நனைகிற பொருளில், ஒட்டு எப்படி விடாமல் நின்றது என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. நூலகத்துக்குப் போனார். தேடத் தேடக் கதை நீண்டது. அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேர டிரைவில் இருக்கும் ஈஸ்டன் என்ற ஊரில், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு, துப்பாக்கியும் வயலினும் செய்துகொண்டிருந்த ஒருவர்தான் அமெரிக்காவில் மூங்கிலைச் சீவி ஒட்டித் தூண்டில் செய்ய ஆரம்பித்தாராம். பிறகு நியூயார்க் பக்கத்து மலையூர்களில் பெரிய பெரிய பட்டறைகள் வந்தன. மூங்கில் முதலில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தது. பின்னால், அதைவிட நார் இறுகிய சீன மூங்கில் வந்து அதைத் துரத்தியது. 1950ல் சீனாவோடு வியாபாரமே கூடாது என்று அமெரிக்கா தடை போட்டதும் அந்த மூங்கிலும் நின்றது. அதற்குள் ஃபைபர்கிளாஸ் வந்துவிட்டது. ஜனங்கள் மூங்கில் கோலையெல்லாம் பரணில் தூக்கிப் போட்டார்கள். பேரப்பிள்ளைகள் பரணைக் காலி செய்ய ஆரம்பித்தபோது, அவற்றைத் தேடி அலைகிற ஒரு கூட்டமும் உருவாகியிருந்தது.

அந்தக் கூட்டத்தின் ஒரு கிளை மாதம் ஒருமுறை காலிஃபான் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்து ஹாலில் கூடியது. தன்னிடம் இருக்கும் கோலைச் செய்தது யார் என்று கேட்கத் தனபாக்கியம் அங்கே போனார். சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் தொப்பி போட்ட ஆண்கள். வழி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஒருவர் எழுந்து வந்தார். அவர் பெயர் ரஸ், நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தின் தலைவர்.

"நீங்க எங்க மீன் பிடிப்பீங்க?" என்று ரஸ் ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கயும் இல்ல. நான் வெஜிடேரியன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. ரஸ்ஸும் சிரித்துவிட்டு, "அப்போ இதுல உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"பசை" என்றார் தனபாக்கியம்.

சிரிப்பு அடங்கியது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒட்டு விட்டுப்போன கோல் ஒன்றாவது இருந்தது. எந்தப் பசையால் மறுபடி ஒட்டுவது என்று அவர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தனபாக்கியம் வீட்டுக்குத் திரும்பியபோது காரில் அவருடைய கோலோடு இன்னும் நான்கு குழாய்கள் இருந்தன.

அப்புறம் அது வளர்ந்தது. அடுத்தவர் கோலைச் சரி செய்துகொடுத்தவர், மற்றவர்கள் தேறாது என்று ஒதுக்கியதைத் தனக்கென்று எடுக்க ஆரம்பித்தார். குழாய்கள் அலமாரியை நிறைத்துக் கட்டிலுக்கடியில் புகுந்தன. கோயிலில் அவருக்குப் பேரே மாறிவிட்டது. ஒருநாள் பிரசாதம் வாங்கும் வரிசையில் அவருடைய தோழி ஜலஜா நேரடியாகவே கேட்டாள்.

"ஏன் பாக்கியம், தூண்டில் ஆன்ட்டி யாருன்னு என் பையன் கேக்கறான். நீ முட்டை போட்ட கேக்கையே தொடமாட்ட. உனக்கு எதுக்குடி தூண்டில்?"

"வீட்ல வீணை வச்சிருக்கியே, நீ வாசிக்கவா செய்யிற?"

ஜலஜா சிரித்துக்கொண்டே வரிசையில் நகர்ந்தாள்.

1996 கோடையில் லாம்பர்ட்வில் சந்தையில்தான் அந்தக் கோல் கிடைத்தது. கைப்பிடிக்கு மேலே நெடுகக் கருகிய தழும்புகள். தீப்பிடித்த வீட்டிலிருந்து வந்ததாக இருக்கும் என்று சந்தைக்காரர் சொன்னார். நடுத்துண்டில் ஒரு சிம்பு வாய் பிளந்து நின்றது. வழக்கம்போல் பரிதாபப்பட்டு வாங்கி ரஸ்ஸிடம் காட்டினார் தனபாக்கியம். ரஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இது தீ விபத்து இல்ல. கல்கத்தா மூங்கில். அந்தக் காலத்துல அங்கேயே மூங்கிலை நெருப்புல வாட்டித்தான் கப்பல்ல ஏத்துவாங்க. இது 1870கள்ல செஞ்சதா இருக்கணும். உங்க நாட்டு மூங்கில்!"

"கல்கத்தா எங்க ஊர்லேர்ந்து ரெண்டு நாள் ரயில்" என்றார் தனபாக்கியம். ஆனால் காரில் வரும்போது அதைப் பின்சீட்டில் போடாமல், பக்கத்து சீட்டில் பெல்ட் மாட்டிக் கொண்டுவந்தார்.

பழைய கோலை அதன் பழைய பொருளால்தான் சரி செய்ய வேண்டும் என்பது சேகரிப்பவர்களிடையே எழுதாத சட்டம். தனபாக்கியம் ஒட்டைச் சுரண்டிச் சோதித்தார். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நம்மூர்த் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அதேதான்.

அவர் அதுவரை கையாண்டதெல்லாம் தொழிற்சாலைப் பசை. எபாக்ஸியைத் தடவினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அது ஒட்டினால் ஒட்டியதுதான், நாளைக்கு இன்னொருவர் பிரிக்க முடியாது. வஜ்ஜிரம் என்றால் வெந்நீரில் இளகும். வேதியியல் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மனசுதான் ஒப்பவில்லை. கொஞ்ச நாள் அந்தக் கோலையே திறக்காமல் இருந்தார். கடைசியில், அது மாட்டுத்தோல் பசை என்று சபரிநாதனிடம் சொன்னார்.

"கிச்சன்ல வச்சு காய்ச்சமாட்டேன். கராஜ்ல வச்சுக்கறேன்."

"மாட்டுத்தோலையா?" சபரிநாதன் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "வெளிய ஒரு ஃபிஷ் சாண்ட்விச் சாப்பிட்டுட்டு வந்தா வாசல்லயே நிக்க வச்சுப் பல்ல தேச்சுட்டு வாங்கன்னுவ. இப்போ நீ பண்றது என்ன?"

"நான் திங்கப் போறதில்லையே. ஒட்டப் போறேன்."

கயல் குழந்தையாக இருந்தபோது வாங்கிய, பால்புட்டி சுட வைக்கும் மின்சாரக் கிண்ணம் ஒன்று பரணில் கிடந்தது. பசையைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் வைத்திருக்க அதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. கோளாறு என்னவென்றால், அவர் தேர்ந்தெடுத்த நாள் நவராத்திரியில் வந்த சனிக்கிழமை. மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தார். வஜ்ஜிரம் ஊறுவதற்கும் இளகுவதற்கும் எடுத்துக்கொண்ட நேரத்தில் சாயங்காலமாகிவிட்டது. கொலு பார்க்க வந்தவர்களின் கார்கள் வாசலில் நிற்க ஆரம்பித்தபோது, தனபாக்கியம் கராஜில், பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற மெழுகு நூலைப் பசையில் தோய்த்து மூங்கில் பிளவுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். நடுவில் விட்டுவிட்டு எழுந்தால் பசை உறைந்துவிடும். விருந்தாளிகளைச் சபரிநாதன்தான் வரவேற்றார்.

ஜலஜா உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். "அண்ணா, என்ன ஒரு மாதிரி வாசனை வருது?"

"ஒண்ணுமில்ல, பாக்கியம் கராஜ்ல வஜ்ஜிரம் காய்ச்சுறா."

"வஞ்சிரமா! உங்க வீட்லயா? கொலு வச்சுட்டா?"

"ஐயோ, வஞ்சிரம் இல்லம்மா, வஜ்ஜிரம். இது மீன் இல்ல, மாடு" என்று சபரிநாதன் விளக்கினார்.

அந்த விளக்கத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. ஜலஜா விறுவிறுவென்று கராஜ் கதவைத் திறந்தாள். பட்டுச்சேலையின் முந்தானையை இடுப்பில் சொருகி, நெற்றியெல்லாம் வியர்த்து, ஒரு கையில் கோலும், ஒட்டைச் சுற்றிக் கட்டுவதற்காகப் பல்லில் கடித்த பருத்தி நூலுமாக நின்ற தனபாக்கியம், பேச முடியாமல் கண்ணாலேயே அழைத்தார். நூலின் மறுமுனையை இழுத்துப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. ஜலஜா ஒரு கணம் யோசித்தாள். பிறகு வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு பிடித்தாள். ஒட்டிய இடத்தை இருவரும் சேர்த்து நெருக்கமாகச் சுற்றிக் கட்டி முடித்தார்கள். அதற்கப்புறம் கை கழுவி, குங்குமம் வைத்துக்கொண்டு, சுண்டல் சாப்பிட்டார்கள். கோயிலில் இதைப் பற்றி ஜலஜா வாய் திறக்கவே இல்லை.

அடுத்த மே மாதம், கூட்டத்தார் அவரவர் வைத்திருப்பதிலேயே வயதான கோலைக் கொண்டுவந்து ஆற்றில் வீசிப் பார்க்கும் நாள். ராரிட்டன் ஆற்றின் தெற்குக் கிளை, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வெள்ளையாக நுரைத்து ஓடும் இடம். கல்கத்தா கோலை வீசலாமா கூடாதா என்று கரையில் பெரிய விவாதம் நடந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியதை ஒடித்துவிடாதீர்கள் என்றார்கள் பாதிப் பேர். ரஸ் யார் பக்கமும் பேசவில்லை. "ஒட்டினது அவங்க. அவங்களே முடிவு பண்ணட்டும்" என்றார்.

"வளைச்சுப் பாக்காம ஒட்டு நிக்குதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார் தனபாக்கியம்.

அதற்காகவே குளிர்காலம் முழுக்கப் பின்புறத்துப் புல்வெளியில் வேறொரு கோலை வீசிப் பழகியிருந்தார். தூண்டில் நரம்பின் முனையில் கட்டியிருந்த போலிப் பூச்சியின் கொக்கியைச் சபரிநாதன் முந்தின நாளே குறடால் வெட்டி எறிந்திருந்தார். மீன் வந்தாலும் வாயில் குத்தாது, விரும்பினால் துப்பிவிட்டுப் போகலாம். சேலையைத் தூக்கிச் சொருகி, அதன் மேல் ரப்பர் பூட்ஸ் மாட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று வீசினார். முதல் இரண்டு வீச்சு பாறையில் விழுந்தது. அதற்கடுத்தது நுரைக்குப் பக்கத்தில், இலை உதிர்ந்த மாதிரி அமர்ந்தது.

தண்ணீர் பிளந்தது. கோல் நுனியிலிருந்து நடுத்துண்டு வரை வில்லாக வளைந்தது. "அம்மா! இட்ஸ் எ ஃபிஷ்! ஹோல்ட் இட்!" என்று கரையிலிருந்து கயல் கத்தினாள். எதைப் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது? தனபாக்கியம் அசையாமல் நின்றார். மூச்சுவிடுகிற ஒரு கனம் மூங்கில் வழியாக உள்ளங்கைக்கு வந்து துடித்தது. அடுத்த நொடி மீன் பூச்சியைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. கோல் நிமிர்ந்தது.

கரையேறி வந்ததும் எல்லோரும் ஒட்டைத்தான் பார்த்தார்கள். மயிரிழை விரியவில்லை. ரஸ் கைகுலுக்கினார். தனபாக்கியம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உசிரோட இருந்துச்சுங்க" என்று சபரிநாதனிடம் மெதுவாகச் சொன்னார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சபரிநாதனுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பின்னால் தனபாக்கியமே சொன்னார்.

அதன்பிறகு அவர் மீன் இருக்கும் தண்ணீரில் வீசவில்லை. புல்வெளியில்தான் வீசினார், முனையில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி. கல்கத்தா கோலை மலையூர் ஒன்றின் சிறிய மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். 1999ல் ரஸ் தலைவர் பதவியை விட்டபோது, கூட்டத்தார் கேட்டுக்கொண்டதால் தனபாக்கியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பசைச் சண்டைகள் அதோடு குறைந்தன. எபாக்ஸி கட்சிக்காரர்கள் மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை.

2001ல் சபரிநாதன் ஆபீஸில் பார்த்துவந்த ப்ராஜெக்ட் நின்றுபோய், அவர் கொஞ்ச காலம் வீட்டில் இருக்கும்படி ஆனது. சும்மா இருக்கிற மனிதரை ரஸ் ஆற்றுக்கு அழைத்துப் போனார். முதல் வாரத்திலேயே சபரிநாதன் ஒரு நல்ல ட்ரௌட்டைப் பிடித்துவிட்டார். ரஸ் அதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டார். அதுதான் கூட்டத்தின் வழக்கம். வீட்டுக்கு வந்த சபரிநாதன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நியாயம் கேட்டார்.

"பிடிச்சதை விடணும்னா எதுக்கு பாக்கியம் பிடிக்கணும்? எவ்ளோ பெரிய மீன் தெரியுமா?"

"நாளைக்கும் போறீங்களா?"

"பின்ன? ஆறு மணிக்கு ரஸ் பிக்கப் பண்றேன்னு சொல்லியிருக்கார்" என்றார் சபரிநாதன்.